பூனையக்காவின் அறுபது நொடி

சினிமாவில் கருவிகளோடு மல்லுக்கட்டும் பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று ஒரு சங்கத்துக்குத் திடீரென்று தோன்றியது. தோன்றிய சூட்டோடு ஓர் ஓட்டல் ஹாலைப் பிடித்துக் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர் ஓர் ஆண். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களும் விடிவதற்குள் எழுந்து, இருபது கிலோ பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். தலை வாரியிருக்கிறதா என்று பார்க்கவே கண்ணாடிப் பக்கம் போக நேரமில்லாதவர்கள். ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

கூட்ட முடிவில் சங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. அனுபவமுள்ள ஒரு பெண், புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டுவாள். வாரம் ஒரு போன். ஒரே படத்தில் வேலை செய்கிறவர்களாகப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். அந்தத் திட்டத்தில் யாரோ மூளையைச் செலவழித்த இடம் அது ஒன்றுதான்.

அப்படித்தான் எடிட்டருக்குப் பூனையக்கா வாய்த்தார்.

எடிட்டர் என்றால் படத்தை வெட்டி ஒட்டுகிற எடிட்டர் இல்லை. இவள் வசன எடிட்டர். படப்பிடிப்பில் பதிந்த குரல்களை வாங்கி, இருமலை எடுத்து, நாற்காலிச் சத்தத்தை எடுத்து, வார்த்தைகளைத் துடைத்து வைக்கிறவள். முப்பத்தொரு வயது. வீட்டின் பின்னறையே ஸ்டூடியோ. நான்கு சுவரிலும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். காலை பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மாலை ஆறுக்குத்தான் கழற்றுவாள். அவளுடைய மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "எங்க மருமக நாள் பூரா பாட்டு கேக்குறா, அதுக்குப் போய் காசு குடுக்குறாங்க" என்று பெருமையோடும் லேசான சந்தேகத்தோடும் சொல்லி வந்தார்.

பூனையக்கா அதே படத்தின் ஒலிப்பதிவாளர். முப்பத்தெட்டு வயது. நடக்கும்போது காலடி மைக்கில் விழக் கூடாது என்று செருப்பின் அடியில் கம்பளித் துண்டு ஒட்டிக்கொள்வார். அதனால் செட்டில் வந்த பெயர் அது. எண்பது பேர் நடமாடும் இடத்தில் அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்தவர். கண்ணாடி அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்கிற வேலை. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்த குறும்படத்தில் மைக் பிடிக்க ஆளில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றார். அன்றைக்கு ஹெட்போனுக்குள் கேட்ட தெருவை அவர் அதற்கு முன் கேட்டதேயில்லை. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டார். அவர் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி சமையலறையில் இருந்தபடியே, "அந்த மோட்டார்ல ஒரு போல்ட் லூசு" என்று சொல்லிவிடுவதால், இந்த வேலை மாற்றத்தில் தனக்குத்தான் ஒரு நல்ல உதவியாளர் போய்விட்டதாக அவருக்கு வருத்தம்.

இதுதான் பூனையக்கா தலைமைப் பொறுப்பில் செய்யும் முதல் படம். அதில் ஒரு கத்தி தொங்கியது. இயக்குநர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: படப்பிடிப்பில் பதிந்த குரல் சரியாக வந்தால் அதையே வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் படம் முழுவதையும் டப்பிங்கில் மறுபடி பேச வைப்போம். டப்பிங் தியேட்டரை ஐந்து நாளைக்கு ஒதுக்கியும் வைத்துவிட்டார். டப்பிங் என்றால் பூனையக்கா நாற்பது நாள் வெயிலிலும் புழுக்கத்திலும் பதிந்த எல்லாமே குப்பைக்கூடைக்கு. அதன்பிறகு அவரைத் தலைமைப் பொறுப்புக்கு யார் கூப்பிடுவார்கள்? மறுபடி யாருக்கோ மைக் கட்டிய கம்பைப் பிடிக்கப் போக வேண்டியதுதான்.

முதல் வாரம் எடிட்டர் போன் செய்தாள்.

"வணக்கம் மேடம்" என்றார் பூனையக்கா. குரல் எறும்பு ஊர்வதுபோல இருந்தது.

"அக்கா, நீங்க என்னைவிட ஏழு வயசு பெரியவங்க. மேடம்லாம் வேணாம்."

"சரி மேடம்."

எடிட்டர் அந்த முயற்சியை அத்தோடு கைவிட்டாள். "உங்க ஒலி ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். ரூம் டோன் ஒரு காட்சிக்குக்கூட வரல."

"நாளைக்கு எடுத்துடுறேன்."

ரூம் டோன் என்பது வேறொன்றுமில்லை. யாரும் பேசாமல் இருக்கும்போது ஓர் அறையில் ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கிறோம். இருக்கிறது. விளக்குகளின் முணுமுணுப்பு, சுவருக்கு அந்தப் பக்கத்துத் தெரு, உள்ளே நிற்கும் மனிதர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்து அந்த அறைக்கென்று ஓர் அமைதி உண்டு. வசனத்தின் நடுவில் விழுந்த ஓர் இருமலை வெட்டி எடுத்தால், அந்த இடத்தில் ஓட்டை விழும். அதை அடைக்க அதே அறையின் அதே அமைதிதான் வேண்டும். வேறு அறையின் அமைதியை வைத்தால் வெள்ளை வேட்டியில் நீல ஒட்டுப் போட்டதுபோல இளிக்கும். ஆகவே காட்சி முடிந்ததும், விளக்கை அணைக்காமல், ஒருவரும் வெளியே போகாமல், எல்லோரும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க, அந்த வெறும் அமைதியைப் பதிய வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர் ஒலிப்பதிவாளர். 'கட்' என்று சொன்ன அடுத்த நொடி எண்பது பேர் நாற்காலியை இழுப்பார்கள், டீ கேட்பார்கள், விளக்கை இறக்குவார்கள். அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே கையை நீட்டி 'நில்லுங்கள்' என்று சொல்ல வேண்டும்.

நாளைக்கு என்றார். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எடிட்டர் ஒவ்வொரு காட்சியிலும் நடிகர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் கால் நொடி, அரை நொடி என்று பொறுக்கி ஒட்டுப் போட்டாள். மீன் முள்ளில் சதை பிரிக்கிற வேலை. பாதி இடங்களில் ஒட்டு வெளியே தெரிந்தது.

எரிச்சலோடுதான் ஒரு காலை, வசனத்தோடு சேராமல் வரும் ஒரு தனித் தடத்தைத் திறந்தாள். ஒலிப்பதிவுப் பெட்டியில் காட்சி எண்ணைச் சொல்லி அந்தத் தடத்தில் பதிய ஒரு குட்டி மைக் இருக்கும். பொத்தானை அழுத்தி, "காட்சி நாற்பத்தொண்ணு, டேக் மூணு" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். பூனையக்காவின் பெட்டி பழையது; பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை இழுத்துவிட அவர் மறந்துபோவார். எடிட்டர்கள் யாரும் அந்தத் தடத்தைக் கேட்பதில்லை என்பதால் இருபத்து மூன்று நாளாக அது யாருக்கும் தெரியாது.

முதலில் எண்ணைச் சொல்லும் குரல் வந்தது. பிறகு நடிகர்கள் பேசிக்கொண்டிருக்க, அதன் அடியில், உதடு மட்டும் அசைகிற ஒரு கிசுகிசுப்பு.

"சார், ஒரு நிமிஷம்... இல்ல. சார், ஒரே ஒரு நிமிஷம் கிடைக்குமா... அய்யய்யோ, பிச்சை கேக்குற மாதிரி இருக்கு. எல்லாரும் கொஞ்சம் அமைதியா... கொஞ்சம் எதுக்கு? எல்லாரும் அமைதியா இருங்க. ம். இது ஓகே. எல்லாரும் அமைதியா இருங்க."

பிறகு இயக்குநரின் 'கட்'. அப்புறம் செட்டை நடத்துகிற இணை இயக்குநரின் குரல், "அடுத்த ஷாட், ஓடு ஓடு." நாற்காலிகள். டீ. கடைசியாகக் குட்டி மைக்கில் ஒரு நீளமான பெருமூச்சு.

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரும்ப மாட்டினாள். மற்ற நாட்களைத் திறந்தாள். எல்லா நாளிலும் இருந்தது. ஒரு நாள் கோபமாக, ஒரு நாள் கெஞ்சலாக, ஒரு நாள் செய்தி வாசிப்பவரைப்போல. ஒரு நாள், "ஐயா பெரியோர்களே" என்று ஆரம்பித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். இருபத்து மூன்று நாளும் ஒத்திகை பார்த்திருக்கிறார். ஒரு முறைகூட மேடை ஏறவில்லை.

ஒருவரின் நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படித்ததுபோலக் கூசியது அவளுக்கு. ஆனாலும் வழிகாட்டி ஆயிற்றே, சும்மா இருக்க முடியுமா? அடுத்த போனில் தான் கேட்டதைச் சொல்லாமல், ஓட்டல் ஹாலில் கற்றதையெல்லாம் அள்ளி விட்டாள்.

"வயித்துலேர்ந்து குரலை எடுங்கக்கா. நெஞ்ச நிமித்திக்கங்க. ஒரே கத்து. 'சைலன்ஸ்' அப்படின்னு. ஆம்பளைங்க எப்படிக் கத்துறாங்க பாத்தீங்கல்ல?"

"கத்தணுமா மேடம்?"

"கத்தித்தான் ஆகணும்."

பூனையக்கா கீழ்ப்படிகிற ரகம். இருபத்தேழாம் நாள் கோப்பில் அது பதிந்திருந்தது. 'கட்' முடிந்ததும் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு "சைலன்ஸ்" என்று ஒரு கூச்சல், முதல் எழுத்தில் ஏறி இரண்டாம் எழுத்தில் உடைந்து கீச்சென்று முடிந்தது. உடனே இணை இயக்குநர், "யாருப்பா அங்க, பூனையோட வால மிதிச்சது?" என்றார். செட் முழுக்கச் சிரிப்பு. பூனையக்காவும் கூடவே சிரித்தார். அது இன்னும் மோசம். குட்டி மைக்கிடமிருந்து எதுவும் தப்பவில்லை; சிரிப்பு அடங்கிய பிறகு அதில் ஒரே ஒரு சொல் விழுந்தது.

"போதும்."

அடுத்த நான்கு நாள் தடத்தில் ஒத்திகையும் இல்லை.

எடிட்டர் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. "பாட்டு கேட்டே மெலியுறா" என்றார் மாமியார். அவள் தன் அறையில் போய் உட்கார்ந்து, அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். புத்தி சொல்வதை விட்டுவிட்டு, பூனையக்கா பதிந்ததை ஒரு ரசிகையைப்போலக் கேட்க ஆரம்பித்தாள்.

துணி மடிக்கிற ஒரு காட்சி. கதாநாயகி அலமாரி பக்கம் திரும்பி, தன் கணவனிடம், "நான் போறேன்" என்று இரண்டே சொல் பேசுகிறாள். பேசுவதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிறாள். கேமரா அவள் முதுகைத்தான் பார்க்கிறது. அந்த விழுங்கல் படத்தில் இல்லை. ஒலியில் மட்டும் இருக்கிறது. பன்னிரண்டடி தூரத்தில், ஒரு கம்பின் நுனியில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு விழுங்கலை அள்ளி வந்திருக்கிறார் இந்த மனுஷி. எடிட்டர் அதைப் பதினான்கு தடவை கேட்டாள். பதினான்கு தடவையும் அவள் தொண்டையும் கூடவே விழுங்கியது. இந்தக் காதை வைத்துக்கொண்டிருப்பவருக்கா நான் நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அந்த விழுங்கலுக்கு அடுத்த நொடியில் யாரோ விளக்குக்காரர் இருமியிருந்தார். இருமலை வெட்டினால் ஓட்டை. அடைக்க ஒன்றுமில்லை. ஓட்டையை அப்படியே விட்டு, காட்சியின் அந்தத் துண்டைப் பூனையக்காவுக்கு அனுப்பி வைத்தாள். ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் முதல்முறையாகப் பூனையக்காவே போன் செய்தார்.

"அந்த முழுங்கலுக்கு அப்புறம் என்ன ஆச்சு மேடம்? தொபுக்குனு கெணத்துல விழுந்த மாதிரி இருக்கு."

"அங்க போட என்கிட்ட எதுவும் இல்லக்கா."

பூனையக்கா அந்தத் துண்டை இன்னொரு முறை ஓட விடுவது போனில் கேட்டது. "அந்தப் பொண்ணு அன்னைக்கு அவ்வளவு உருகி நடிச்சுது."

"ஆமா."

"நான் ஒரு நிமிஷம் வாங்கிக் குடுத்திருந்தா அது பொழச்சிருக்கும்."

'அப்படியெல்லாம் இல்லை' என்று ஆறுதல் சொல்ல வாய் வரை வந்தது. எடிட்டர் அதை விழுங்கினாள்.

"ஆமாக்கா. பொழச்சிருக்கும்."

"ம்" என்றார் பூனையக்கா. போனை வைத்துவிட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் ஒரு ஹாலில் படப்பிடிப்பு. படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். உயரமான கூரை போட்ட பழைய ஹால், அதில் ஒரு விசாரணை நடக்கிறது; நூற்றிருபது பேர் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்க, கதாநாயகி ஏழு நிமிடம் எழுந்து நின்று பேசுகிறாள். ஏழு நிமிடத்தில் நூற்றிருபது பேர் எத்தனை முறை இருமுவார்கள், எத்தனை நாற்காலி கிறீச்சிடும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். இந்தக் காட்சியைக் கேட்டுவிட்டுத்தான் டப்பிங்கா இல்லையா என்று முடிவெடுப்பதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க் வந்தது. எடிட்டர் கதவைச் சாத்திவிட்டுக் கடைசி டேக்கைத் திறந்தாள்.

கதாநாயகி பேசி முடித்தாள். 'கட்' என்ற இயக்குநரின் குரலே கரகரத்தது. கைதட்டல். இணை இயக்குநர், "ஹால் முடிஞ்சுது, லைட்ட இறக்கு, எல்லாரும் சாப்பிடப் போலாம்" என்றார். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

"லைட்ட இறக்காதீங்க."

எடிட்டருக்கு முதலில் யார் குரல் என்றே விளங்கவில்லை. கத்தல் இல்லை. வயிற்றிலிருந்து எடுத்த குரலும் இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம், 'அசையாம இருங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிற குரல்.

"யாரும் வெளிய போகாதீங்க. இன்னும் ஒரு ஷாட் இருக்கு."

"என்ன ஷாட்டும்மா?" இணை இயக்குநர். "லிஸ்ட்ல இல்லையே."

"இருக்கு சார். இது என் ஷாட்."

யாரோ சிரித்தார்கள். "இதுல ஹீரோ யாருக்கா?"

"நீங்க எல்லாரும்தான். சும்மா நிக்கணும். அவ்வளவுதான் நடிப்பு."

"சாப்பாட்டு டைம் தாண்டிடுச்சும்மா, அப்புறமா பாத்துக்கலாம்" என்றார் இணை இயக்குநர்.

"அப்புறமா இந்த ஹால் இருக்காது சார். அறுபது செகண்டு. நடுவுல யாரு பேசினாலும் மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஒன்பதாவது நொடியில் ஒரு போன் அடித்தது.

"ஒண்ணுலேர்ந்து."

முப்பத்தோராவது நொடியில் இணை இயக்குநரின் வாக்கிடாக்கி கரகரவென்றது. "சாரி, சாரி, அது வந்து வெளிய வண்டி..."

"சார், இப்பவும் நீங்கதான் பேசுறீங்க. ஒண்ணுலேர்ந்து."

இந்த முறை சிரிப்பு இணை இயக்குநரைப் பார்த்துப் போனது. அதற்குள் கதாநாயகியின் குரல் கேட்டது, ஏழு நிமிட அழுகை இன்னும் காயாத குரல். "அக்கா, என் ஹீல்ஸ் சத்தம் போடும். கழட்டிடவா?"

"கழட்டிடுங்கம்மா."

பிறகு ஹெட்போனுக்குள் எடிட்டர் கேட்டது அவள் அதற்கு முன் எந்தப் பதிவிலும் கேட்காத ஒன்று. நூற்றிருபது பார்வையாளர்கள், விளக்குக்காரர்கள், கேமராக்காரர்கள், டீ கொண்டுவந்தவர் எல்லோரும் ஒவ்வொருவராகக் காலிலிருந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம். ஹாலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரைக்கும், ஓலைக் கூரையில் தூறல் நகர்வதுபோல அது நகர்ந்து போய் நின்றது.

அப்புறம் அமைதி.

குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் யாரும் குண்டூசியைப் போட்டுப் பார்த்ததில்லை. இது அந்த மாதிரி அமைதி இல்லை. இதற்குள் இடம் இருந்தது. உயரமான கூரை அதில் கேட்டது. விளக்குகள் ஒரே சுருதியில் நின்றன. அதற்கு அடியில், மிக அடியில், இருநூறு பேரின் மூச்சு மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய உடம்பு படுத்து உறங்குவதுபோல ஏறி இறங்கியது. எடிட்டரும் தன்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஏழு வருடம் இந்த வேலை செய்கிறாள். ஆயிரம் அறைகளின் அமைதியை வெட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்டு வாங்கியது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அறுபது நொடி ஆயிற்று. பூனையக்கா 'கட்' சொல்லவில்லை. எழுபது. தொண்ணூறு. யாரும் நகரவில்லை. காலையிலிருந்து ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தவர்கள், சாப்பாட்டை மறந்து, வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அது பிடித்துப்போனதுபோல் இருந்தது. இரண்டாவது நிமிடம் முடிகிற இடத்தில் கூரையில் எங்கோ ஒரு புறா சிறகை ஒருமுறை உதறியது.

"கட்" என்றார் பூனையக்கா, மெதுவாக. அதன் பிறகும் மூன்று நொடி யாரும் அசையவில்லை.

எடிட்டர் இரண்டு நாள் அந்தக் காட்சியில் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு இருமல், பதினேழு நாற்காலி. ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு அந்த அமைதியிலிருந்து ஒரு துண்டை வைத்தாள். வைத்த இடத்தை அவளாலேயே திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இயக்குநர் வந்து பின்னறையில் உட்கார்ந்து ஏழு நிமிடத்தையும் கேட்டார். முடிந்ததும், "மறுபடி போடுங்க" என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வெளியே போய், டப்பிங் தியேட்டருக்குப் போன் செய்து ஐந்து நாளையும் ரத்து செய்தார். அதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. "தேவைப்படாது" என்று மட்டும் சொன்னார். மாமியார் அவருக்குக் கொண்டுவந்த டீ ஆறியே போயிருந்தது.

அன்று மாலை எடிட்டர் பூனையக்காவுக்குப் போன் செய்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். எதிர்முனையில் "சொல்லுங்க மேடம்" என்று குரல் வந்தது.

"டப்பிங் இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். "எல்லாம் நீங்க எடுத்ததுதான்."

எதிர்முனையில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு ஸ்பானரைத் தரையில் வைத்தார்கள். இரண்டு பேருமே அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"அந்தப் புறா கடைசில வந்துடுச்சுல்ல" என்றார் பூனையக்கா ஒருவழியாக. "அத எடுத்துடுங்க. என் தப்புதான், முன்னாடியே கட் சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

பூனையக்கா யோசித்தார். "நல்லாருந்துச்சு" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல. "அதான் விட்டுட்டேன்."

எடிட்டர் திரையைப் பார்த்தாள். கதாநாயகி பேசி முடித்து உட்காரப் போகும் இடத்தில், ஓர் இருமலை அடைக்க வைத்த துண்டோடு புறாவும் தானாகவே வந்து பொருந்தியிருந்தது.

"புறா இருக்கட்டும்க்கா" என்றாள்.